பெட்டிக்கு அடியில் அக்கா

அக்காவும் தம்பியும் அந்தப் பழைய பணிமனைக்குள் நுழைந்தபோது நல்ல மத்தியானம். ஆனாலும் உள்ளே இருட்டு அப்பிக் கிடந்தது. துருவும் மழை ஈரமும் கலந்த வாடை. ஒற்றை ரயில் பெட்டி ஒன்று மூலையில் நின்றது.

தண்டவாளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் ஓட்டிய பெட்டியோ என்று அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் அக்காவுக்குச் சந்தேகம். ஆமென்றால் அருங்காட்சியகத்துக்கு, இல்லையென்றால் பழைய இரும்புக்கு. இழுத்துப் போக இஞ்சினைக் கோத்துவிட்டுக் காத்திருந்த டிரைவர்தான் தம்பி.

"தண்டவாளத்துக்குக் கரண்ட் பாய்ச்சுற பிரஷ் அடியில இருக்கணும். பாத்துட்டு வரேன். நான் வெளிய வந்து சொல்ற வரைக்கும் எடுக்காதே."

"உன்னை நசுக்கிட்டு மாமாகிட்ட யாரு திட்டு வாங்குறது?"

அக்கா சிரிக்கவில்லை.

"விரிசலைப் பாக்க இறங்குன ஒருத்தர் அந்தப் பெட்டிக்கடியில அப்படித்தான் நசுங்கிச் செத்தாராம். அவர் குரல்லயே யாரோ 'எடு'ன்னாங்களாம்."

தம்பி பேயாவது பிசாசாவது என்கிற ரகம். கொட்டாவி விட்டபடி இஞ்சினில் ஏறினான்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் குரல் குதூகலமாக வந்தது. "பிரஷ் இருக்குடா! அதே பெட்டிதான்!"

பிறகு, "வந்துட்டேன். எடு."

எட்டிப் பார்த்தான். பெட்டி ஓரமாகச் சேலையைத் தட்டிவிட்டபடி நின்றாள். லீவரைத் தொட்டான்.

"டேய், நான் இன்னும் வெளிய வரல!"

அடியிலிருந்து.

கீழே குதித்தான். பெட்டி ஓரத்தில் யாரும் இல்லை. மண்ணில் படுத்து இருட்டுக்குள் கையை நீட்டினான். ஒரு கை அதைப் பற்றிக்கொண்டது.

இழுத்தான். அக்கா இருமிக்கொண்டே வந்தாள். உடம்பெல்லாம் கிரீஸ். அவளைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

"போதும்டா, கிளம்பு," என்று அவளும் இஞ்சினில் ஏறிக்கொண்டாள். பிடித்த அவன் கையை அவள் விடவே இல்லை. மறு கையால் லீவரைத் தொட்டான்.

"எலிக்குட்டி..."

மறுபடியும் அடியிலிருந்து. அழுகிற குரல்.

அம்மா போன பிறகு, சின்ன வயதில் அவனைத் தூங்கவைக்கும்போது மட்டும் அக்கா சொல்லும் பேர் அது. தன் மனைவியிடம்கூட அவன் அதைச் சொன்னதில்லை.

"எலிக்குட்டி, நீ யாரை வெளிய இழுத்தே?"

பக்கத்தில் நின்றவள் அவனைப் பார்த்தாள். அவள் கை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அதை அவன் கையின் மேல் வைத்து, லீவரை மெல்ல நகர்த்தினாள்.