பின்கதவில் ஸ்பீக்கர் இல்லை

முன்னால் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, பாட்டுக்கு அடியில் பின்சீட்டின் இடது பக்கத்திலிருந்து யாரோ ஓர் ஆண் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். தௌஃபீக்குக்கு வந்ததே ஒரு கோபம். பின்கதவுகளில்தான் ஸ்பீக்கரே கிடையாதே. இடது பக்கம் உட்கார்ந்திருந்தது பள்ளிவிட்டு வரும் அவன் மகள் ஃபிசா. ஆறு வயது.

புது ஸ்பீக்கர் போடச் சொன்னதே மனைவி ஹாஜிராதான். சாகண் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்யும் தௌஃபீக், ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் போதும், ஆட்டோக்காரன், சிக்னல், மழை, போனில் மாட்டும் குடோன் ஆள் என்று ஒருவரையும் விடாமல் திட்டித் தீர்ப்பான். பிள்ளை பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்கிறது, நல்ல பாட்டாகப் போட்டுக்கொண்டு வாயைக் கட்டுங்கள் என்றாள் அவள். வண்டியோடு வந்த ஸ்பீக்கரோ தகர டப்பாவாக இரைந்தது.

ஆகுர்டியில் கடை வைத்திருக்கும் முகமது ரஃபீக் சொந்த ஊர்க்காரன். கையைக் கடிக்காமல் முடித்துத் தருகிறேன் என்றான். முன்கதவுகளுக்கு நல்ல ஸ்பீக்கர், சீட்டுக்கடியில் ஒலியைக் கூட்டும் சின்ன ஆம்ப், தகரம் அதிராமலிருக்கக் கதவுக்குள் தார் ஷீட். பாடுகிறவர் குரல் டேஷ்போர்டு நடுவில் வந்து நின்றால் போதும், பின்னால் எதற்கு வீண் செலவு என்று பழைய ஸ்பீக்கர்களைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டான். கடைசியில் தௌஃபீக்கின் உள்ளங்கையை முன்கதவில் வைத்து அழுத்தினான். உள்ளிருந்து குறுகுறுவென்று அதிர்ந்தது. பின்கதவில் வைத்தான். அசைவே இல்லை.

"காது ஏமாத்தும் பாய். கை ஏமாத்தாது. சத்தம் எங்கேருந்து வருதுன்னு சந்தேகம் வந்தா கையை வச்சுப் பாருங்க."

அப்படிச் சொன்னவன் செய்த வேலையின் லட்சணம் இது. நாளுக்கு நாள் முணுமுணுப்பு தடித்தது. வார்த்தை புரியவில்லை, ஆனால் யாரையோ கரித்துக்கொட்டுகிறான் என்பது மட்டும் தெரிந்தது. பாட்டை உரக்க வைத்தால் அவனும் குரலை உயர்த்தினான்.

"வாப்பா, ஆவாஸ் கம்மி பண்ணுங்க," என்று பள்ளி இந்தி கலந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள் ஃபிசா. "எனக்கு டர் லக்குது, பயமா இருக்கு."

"வாயை மூடிக்கிட்டு உட்காரு," என்று கத்தினான் தௌஃபீக். அவள் மூடிக்கொண்டாள். அன்று மாலையே வண்டியை ஆகுர்டிக்குத் திருப்பினான்.

ரஃபீக் மறு பேச்சில்லாமல் பின்கதவைப் பிரித்துக் காட்டினான். ஓட்டைமேல் வெள்ளி நிறத்தில் தார் ஷீட், வேறொன்றுமில்லை. பிறகு உள்ளே ஏறி ஃபிசாவின் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டைப் போடச் சொன்னான். கதவில் கை வைத்தான். ஃபிசா சாய்ந்திருந்த சீட்டின் முதுகில் வைத்தான். வைத்த கையைச் சுட்டுக்கொண்டவன்போல் இழுத்து, பிள்ளையின் முகத்தையே பார்த்தான். இறங்கியதும் மெதுவாகச் சொன்னான்: "வண்டியிலே கோளாறு இல்லே பாய். பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இனிமே இங்கே கொண்டு வராதீங்க."

தௌஃபீக்குக்குக் கண் சிவந்தது. "நம்ம ஆளுன்னு நம்பி வந்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்," என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டு வண்டியை எடுத்தான்.

மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியை ஏற்றியதும் வெளிச்சத்தம் அறுந்து, ஈரத் துணியும் சூடான தாருமாக ஒரு நெடி உள்ளே தேங்கியது. பாட்டை நிறுத்தினான்.

முணுமுணுப்பு நிற்கவில்லை.

இப்போது வார்த்தை புரிந்தது. ஆட்டோக்காரனைத் திட்டியது அது. குடோன் ஆளின் தாயை இழுத்தது. எல்லாம் அவன் இதே ரோட்டில் சொன்னவை. குரலும் அவனுடையது. போன் மைக்கில் ஏதோ பதிந்திருக்கிறது, ரஃபீக் வேண்டுமென்றே செய்திருக்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான்.

குடியிருப்பின் அடித்தளப் பார்க்கிங். வண்டியை அணைத்தான். பானெட்டைத் தூக்கி பேட்டரி வயரையே கழற்றி எறிந்தான். விளக்கு செத்தது. டேஷ்போர்டு செத்தது.

குரல் சாகவில்லை.

முன்கதவில் கை வைத்தான். அசைவில்லை. பின்கதவு. இல்லை. கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டி, ஃபிசாவுக்குப் பக்கத்துக் காலி சீட்டைத் தொட்டான். இல்லை. பார்க்கிங் டியூப்லைட் வெளிச்சத்தில் ஃபிசா இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பொத்திய கைக்கு அடியில் தாடை அசையவே இல்லை.

"ஃபிசாம்மா..."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நான் இல்லை வாப்பா, நான் பேசவில்லை என்று.

அவள் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தான்.

அதிர்ந்தது. புது ஸ்பீக்கர் போட்ட அன்று முன்கதவு அதிர்ந்ததுபோலக் குறுகுறுவென்று, சட்டைப் பித்தான்கள் நடுங்க, விலா எலும்பு நடுங்க. அவன் விரல்களுக்கு அடியிலிருந்து அவன் குரலே கத்தியது.

"நம்ம ஆளுன்னு நம்பி வந்தேன் பாரு..."