மூத்தவள் மடித்த சட்டை

“என் புருஷன் சம்பாத்தியத்துலதான் உங்க பொண்ணு பந்து உதைக்கிறாளா? எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து?”

இளையவள் பாத்திரத்தை அடுப்பில் வைத்த வேகத்தில் பாதிப் பால் மேடையில் சிந்தியது. மூத்தவள் துணியை எடுத்துத் துடைத்தாள். அந்த வீட்டில் யார் சிந்தினாலும் துடைப்பது அவள்தான். அண்ணன், தம்பி இரண்டு பேர் மட்டும் இருந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

விஷயம் வெளியே வந்ததே ஒரு நல்ல வார்த்தையால்தான். “உன் வீட்டுக்காரன் மட்டும் கட்டணம் கட்டலைன்னா என் பொண்ணு இன்னைக்கு ஃபைனல் ஆட முடியுமா? லாரியில இருந்து வந்ததும் அவனை நல்லா கவனிச்சுக்கோம்மா” என்று மூத்தவளின் கணவர் தம்பி மனைவியிடம் மனம் நெகிழ்ந்து சொல்லிவிட்டார். நன்றி சொல்வதற்கும் நேரம் காலம் பார்க்க வேண்டும். அந்த மனிதருக்கு அது எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை.

“ஒரு தையல் மெஷினுக்கு எத்தனை நாளா மன்றாடுறேன்! கையில இல்ல, கையில இல்லன்னு சொன்ன மனுஷன்… அண்ணன் பொண்ணுக்கு மட்டும் கொட்டிக் கொடுத்திருக்காரு! அதை வாங்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்தீங்களே அக்கா… உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?”

கோல் கீப்பர் கையுறையோடு வாசலில் நின்ற மூத்தவளின் மகள் வாலு வாயைத் திறந்தாள். “சித்தி, சித்தப்பா ஒண்ணும்…”

மூத்தவள் மகளை ஒரே ஒரு பார்வை பார்த்தாள். வீட்டில் யாருக்கும் அடங்காத அந்த வாலு, வாயை மூடிக்கொண்டது.

இளையவளுக்கு அது போதவில்லை. அலமாரியில் அடுக்கியிருந்த சட்டை ஒன்றை உருவினாள். கைகள் இரண்டையும் பின்னால் மடக்கி, கழுத்தை உள்ளே தள்ளி, சட்டையின் வயிற்றுக்குள் காலுறை ஜோடியைச் சொருகி மடிப்பது மூத்தவளின் வழக்கம். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் யாரும் காலுறை தேடி அலையக் கூடாது என்று அவளே கண்டுபிடித்த மடிப்பு. “அக்கா மடிச்ச சட்டையெல்லாம் முழுகாம இருக்கு” என்று இளையவள் கேலி செய்யாத நாள் கிடையாது. இன்று அந்தக் கேலியில் விஷம் இருந்தது.

“பாருங்க! எதையாவது உள்ள ஒளிச்சு வைக்கிறதே உங்களுக்குப் பழக்கம்!”

காலுறை ஜோடி தரையில் உருண்டது. மூத்தவளின் கண்கள் நிரம்பின. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பழி விலகிவிடும். ஆனால் அந்த ஒரு வார்த்தை கூடத்தில் உட்கார்ந்திருந்த கணவர் காதில் விழுந்தால் வாலு இன்று மைதானத்துக்கே போக முடியாது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பல வருடம் அந்த மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுத்தவர் அவள் கணவர்தான். பஸ் பணிமனையில் வேலை முடிந்ததும் கையில் கிரீஸ்கூடப் போகாமல் ஓடுவார். ஒரு பைசா வாங்கியதில்லை. அப்போது கிளப் என்றால் நாலு பந்து, ஒரு விசில், பிள்ளைகள் விசிலண்ணன் என்று கூப்பிட்ட அவர், அவ்வளவுதான். பிறகு கிளப் பெரிய லீகில் சேர்ந்தது. சம்பளத்துக்குக் கோச் வந்தார், சம்பளத்துக்கு மானேஜர் வந்தார், காயத்துக்குக் கட்டுப் போடவும் சம்பளத்துக்கு ஓர் ஆள் வந்தார். சர்டிஃபிகேட் இல்லாத விசிலண்ணனுக்குக் கைகுலுக்கி விடை கொடுத்தார்கள். அத்தனை பேர் சம்பளமும் பிள்ளைகளின் கட்டணத்தில் ஏறி உட்கார்ந்தது.

“என்னை அனுப்பிட்டு வெச்ச ஆளுக்கு என் காசுல சம்பளமா? இந்த வீட்டு ஆளு யாரும் அந்த கேட்டைத் தாண்டக் கூடாது!” என்று அன்று கத்தியவர், விசிலை மட்டும் சாவிக்கொத்திலிருந்து கழற்றவில்லை.

கையுறையைக் கழற்றாமலே தூங்கிப்போகும் மகளை எத்தனை நாள்தான் ஒரு தாய் பார்த்துக்கொண்டிருப்பாள்? ஒருநாள் மூத்தவள் தனியாகக் கிளப் ஆபீஸில் போய் நின்றாள். எல்லா அணிகளின் சட்டைகளையும் துவைத்து, இஸ்திரி போட்டு, அடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. சம்பளம் கொஞ்சம்தான். ஆனால் அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைக்குக் கட்டணமே கிடையாது என்றார்கள். மறுவார்த்தை பேசாமல் சம்மதித்தாள்.

வீட்டில் லாண்டரி வேலை என்றாள். கட்டணத்தைக் கொழுந்தனார் கட்டுவதாகச் சொன்னாள். தம்பியின் ஆசையைத் தட்ட முடியாமல் கணவரும் மகளைப் போக விட்டார், தான் மட்டும் அந்த கேட்டைத் தாண்டவில்லை. கொழுந்தனார் மட்டும் உண்மை தெரிந்து தலையாட்டினார். “அண்ணன் கேட்டா ஆமான்னு சொல்லிடறேன் அண்ணி. என் பொண்டாட்டி காதுல விழுந்தா என் கதி என்னன்னு யோசிச்சீங்களா?” என்று சிரித்தவர், இப்போது எந்தச் சாலையில் லாரி ஓட்டுகிறாரோ, போன் எடுக்கவில்லை.

கணவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

“போதும். தம்பி பொண்டாட்டி அழுத காசுல என் பொண்ணு கப்பு வாங்க வேண்டாம். அவ இன்னைக்கு ஆடப் போறதில்ல.”

“என்னங்க… இன்னைக்கு ஒரு நாள் மட்டும்…”

“ஒரு தடவை சொன்னா புரியாதா?”

மூத்தவள் கண்ணைத் துடைத்தாள். கீழே கிடந்த காலுறையை எடுத்து அலமாரியில் வைத்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்தாள்.

“ஆடுவா” என்றாள். “வந்து நீங்க என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கிறேன். இன்னைக்கு என் பொண்ணு ஆடுவா!”

இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்தது அன்றுதான். அவர் திகைத்து முடிப்பதற்குள் இருவரும் தெருமுனையைத் தாண்டிவிட்டார்கள்.

துவைக்கும் அறை கிளப் ஆபீஸை ஒட்டி இருந்தது. நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். ஃபைனல் சட்டைகளை அவள் முதல் நாளே மடித்து மானேஜர் மேஜையில் வைத்திருந்தாள். இப்போது துண்டுகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது தடுப்புக்கு அந்தப் பக்கம் பழக்கமான குரல் கேட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இடுக்கு வழியாகப் பார்த்தாள். இளையவள்! அவளுக்குப் பின்னால், கேட்டைத் தாண்டவே மாட்டேன் என்றவரும் மூச்சு வாங்க நின்றிருந்தார்.

“வாம்மா, நாலு பேர் முன்னால மானத்தை வாங்காத. வீட்டுல பேசிக்கலாம்…”

“நீங்க சும்மா இருங்க மாமா! இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்க்காம விட மாட்டேன். மேடம், கோல் நிக்கிற பொண்ணுக்கு என் வீட்டுக்காரர்தான் பணம் கட்டுறாரு. இனிமே கட்ட மாட்டாரு. கட்டினதையும் திருப்பிக் கொடுங்க!”

மானேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். “வாலுவுக்கா? அவளுக்கு யாருமே பணம் கட்டலையே. இங்க வேலை பார்க்கிறவங்க பொண்ணு அவ. கட்டணமே கிடையாது.”

“வேலை பார்க்கிறவங்களா? யாரு?”

மானேஜர் துவைக்கும் அறைப் பக்கம் திரும்பினாள். அதற்குள் மூத்தவளின் கணவரின் கண் மேஜைமேல் போய்விட்டது. அங்கே ஃபைனல் சட்டைகள் அடுக்கியிருந்தன. கைகள் பின்னால் மடங்கி, கழுத்து உள்ளே போய், ஒவ்வொரு சட்டையின் வயிறும் மெல்லப் புடைத்திருந்தது. ஒன்றை எடுத்தார். உள்ளே விரலை விட்டார். காலுறை ஜோடி வந்தது.

தினமும் காலையில் அவர் கையில் வந்து விழும் அதே மடிப்பு.

“என் பொண்டாட்டி” என்றார்.

இளையவள் அடுத்த சட்டையை எடுத்தாள். அதற்கும் அடுத்ததை எடுத்தாள். அந்தப் புடைத்த வயிறுகளைப் பார்க்கப் பார்க்க அவள் முகம் சுருங்கியது. “ஐயோ… அக்கா…”

மூத்தவளால் இனி மறைந்து நிற்க முடியவில்லை. கையில் துண்டோடு கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

“ஆமாங்க, நான்தான். யார்கிட்டயும் கை நீட்டல, யார் காசையும் தொடல. வேலை செஞ்சேன், என் பொண்ணு ஆடினா. உங்களை வேண்டாம்னு சொன்ன இடத்துல சம்பளம் வாங்கினது உங்களுக்கு அவமானம்னா… என்னை என்ன வேணா சொல்லுங்க. ஆனா அவளை…”

“நிறுத்து!” என்றார் அவர். அவள் ஓரடி பின்வாங்கினாள். அவரோ அவளுடைய கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். சோப்பில் ஊறி ஊறித் தோல் வெடித்த கைகள். “லாண்டரியில வேலை அதிகம்னு சொன்னியே… நானும் நம்பிட்டு ஒரு மருந்துகூட வாங்கித் தரலையே! பணிமனையில நான் மட்டும் என்ன, சும்மாவா ஸ்பானர் பிடிக்கிறேன்? உழைக்கிறவங்க சம்பளம் வாங்குறதுல என்ன அவமானம்? என் வீம்புக்கு நீ கூலி கொடுத்திருக்க…”

அவர் அழுதார். அத்தனை பெரிய மனிதர், மானேஜர் முன்னால், குழந்தை மாதிரி அழுதார்.

இளையவள் ஓடிவந்து மூத்தவளின் தோளில் விழுந்தாள். “என்னை ரெண்டு அறை அறைங்க அக்கா! காலையில நான் பேசின பேச்சுக்கு… எப்படிக்கா வாயைத் திறக்காம வாங்கிக்கிட்டீங்க?”

“திறந்திருந்தா உங்க மாமா விட்டிருப்பாரா?” மூத்தவள் அவள் முதுகைத் தடவினாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. “போதும்டி, அந்தச் சட்டையை ஈரமாக்காத. பிள்ளைங்க இப்போ போட்டுக்கணும்.”

ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணிப் பெண் கோலை நோக்கித் தனியாகப் பாய்ந்து வந்தாள். வாலு பயந்து பின்னால் போகவில்லை. முன்னேறிக் காலடியில் விழுந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் கப்பு அவர்களுடையது! “அந்தத் தைரியத்தை நான் கொடுக்கல சார். நான் வரும்போதே அவகிட்ட இருந்துச்சு. நீங்க போட்ட அடித்தளம்” என்று கோச் வந்து கைநீட்டினார். விசிலண்ணன் அந்தக் கையை இறுக்கிப் பிடித்தார்.

“போட்டோ! டீமும் ஸ்டாஃபும் வாங்க!”

கோச் நின்றார், மானேஜர் நின்றாள், கட்டுப் போடுபவரும் வந்து நின்றார். மூத்தவள் எல்லைக்கோட்டருகே குனிந்து அழுக்குத் துண்டுகளைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தன்னைக் கூப்பிடுவார்கள் என்று அவள் நினைக்கவே இல்லை.

மைதானமே அதிரும்படி ஒரு விசில் சத்தம். பழைய பழக்கத்தில் பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். நடுவர்கூடத் திரும்பிப் பார்த்தார். சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி அவள் கணவர் கத்தினார்.

“ஸ்டாஃப்ல ஒரு ஆள் குறையுது! என் பொண்டாட்டி வராம யாரும் போட்டோ எடுக்கக் கூடாது!”

“போங்க அக்கா!” என்று இளையவள் பின்னாலிருந்து தள்ளினாள்.

கைதட்டலுக்கு நடுவே அவள் இடுப்பில் கூடையோடு நடந்து வந்து கோச்சுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“அம்மா, அந்தக் கூடையை மட்டும் ஓரமா வெச்சிட்டு…” என்றார் போட்டோக்காரர்.

“இருக்கட்டும். கூடையோடவே எடுங்க” என்றாள் மூத்தவள்.

வாலு வரிசையிலிருந்து ஓடிவந்தாள். இரண்டு கைகளாலும் கப்பைத் தூக்கி, அழுக்குத் துண்டுகளுக்கு மேல், அம்மாவின் கூடைக்குள் வைத்தாள். கூடை கனத்தது. மூத்தவள் அதை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து பார்த்தாள்.