வடிகட்டிக்கு அடியில்

தம்பியின் தொடையிலிருந்து, குருதியோட்டத்தை ஒலியாக்கும் டாப்ளர் கருவியின் முனையை எடுத்துத் துடைத்த பின்னும், ஒலிபெருக்கியில் அவன் குருதி ஓடும் ஓசை இரண்டு கணம் கேட்டது.

பழைய கருவி, ஓசை சற்றுத் தங்கும் என்று அக்கா தனக்கே சொல்லிக்கொண்டாள். சன்னலற்ற அந்த ஸ்கேன் அறைக்கு நண்பகலும் திரையின் நீல வெளிச்சம்தான். களிம்பின் குளிர்மணம், கிருமிநாசினியின் நெடி, குளிரூட்டியின் ஓயாத முனகல். அவற்றினூடே, மணலில் அலை ஏறி இறங்குவதுபோல், விரைவு கூடக் கூட உயர்ந்தும் குறையத் தாழ்ந்தும் ஒலிக்கும் குருதி. பதினோராண்டுகளாக அவள் செவி பயின்ற பண் அது.

"என்னக்கா, ஸ்டேஷன் கிடைக்கலையா? நல்ல பாட்டா வை."

"வாயை மூடிட்டு அசையாம படு."

நான்கு நாள்களுக்கு முன் அவன் தொடையில் தைக்கப்பட்ட குருதிநாளம். ஓட்டம் சீராயிருந்தால் நாளை வீடு திரும்புவான். இல்லையேல் மீண்டும் கத்தி, ஒருவேளை காலே போகும்.

முனையை மறுபடி வைத்தாள். ஓட்டத்தின் அடியில் வேறொன்று. கனமாக, மெதுவாக. டொக். டொக்.

அவள் விரல் வழக்கம்போல் வடிகட்டியின் குமிழைத் தேடியது. நாளச்சுவர் அதிரும் தாழ்ந்த ஓசைகளை நீக்கி, ஓட்டத்தை மட்டும் தெளிவாக்குவது அது. அளவுக்கு மீறி ஏற்றினால் மெல்லக் கசியும் குருதியின் ஓசையும் சேர்ந்தே அழியும். அறிந்தும் ஏற்றியிருந்தாள், சென்ற வாரம், இதே கட்டிலில், ஒரு லாரி ஓட்டுநருக்கு. பசி வேளை, வெளியே வரிசை. 'இயல்பு' என்று எழுதி அனுப்பினாள். மாலையில் அவர் தொடை உள்ளுக்குள் வெடித்தது. உயிர் அடங்கும்வரை கட்டில் கம்பியை முஷ்டியால் குத்தினாராம்.

டொக். டொக்.

இம்முறை ஏற்றவில்லை. குமிழை முழுதும் இறக்கினாள். அறையெங்கும் கம்பியைக் குத்தும் ஓசை அதிர்ந்தது.

"அக்கா." தம்பியின் குரலில் சிரிப்பில்லை. "உள்ளேருந்து யாரோ இடிக்கிறாங்க."

மருத்துவரை அழைக்கத் தொலைபேசியை எடுத்தாள். அதிலும் அதே ஓசை.

தையல் புடைத்தது. ஒரு நூல் அறுந்தது. அடுத்தது. தோலுக்கடியில் நான்கு விரல்முட்டுகள் வரிசையாக எழுந்தன.

இரு கைகளாலும் அழுத்தினாள். உடல் முழுவதையும் சாய்த்து அழுத்தினாள். ஒவ்வொரு குத்தும் அவள் தோளெலும்புவரை ஏறியது.

"விடாதக்கா. அழுத்து."

கிழிந்தது.

முகத்தில் வெதுவெதுப்பு. திரையில், சுவரில், கூரையில். நாவில் இரும்பின் சுவை. தம்பியின் கால் உதைத்தது. மறுபடி உதைத்தது. பிறகு இல்லை.

காயத்தினுள் புதைந்த அவள் மணிக்கட்டை, ஆழத்திலிருந்து விரல்கள் பற்றின. ஒவ்வொன்றாக. ஐந்து.

வடிகட்டியின் குமிழ் தானே மேலேறியது.

"முடிஞ்சுதாக்கா?" கதவுக்கு வெளியே செவிலியின் குரல். "சத்தம் நல்லா சுத்தமா வருதே. அடுத்தவங்கள அனுப்பவா?"

அவள் அலறினாள். தொண்டை கிழிய, வாய் விரிய. அறையில் குருதி ஓடும் ஓசை மட்டும், தெளிவாக, சீராக.