இடக்காலைப் பிடித்தவன்

“விடுடா... கால விடுடா கேதீசன்!”

பட்டப்பகல் பன்னிரண்டு மணி. நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் சோற்றுப் பார்சலோடு நுழைகிற நேரம். வார்ட் முழுவதும் அப்படியே உறைந்து நின்றது.

பதினான்காம் கட்டிலில் வயற்சொந்தக்காரர் வேலப்போடி, ஊருக்குப் போடியார், எழுந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளாலும் தன் இடது கணுக்காலைப் பற்றித் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் இழுத்தது யார்?

யாருமில்லை!

கேதீசன் அவருடைய தம்பி. 2004 டிசம்பர் இருபத்தாறாம் திகதி பனிச்சங்கேணியில் கடல் அள்ளிக்கொண்டு போன தம்பி. உடல்கூடக் கிடைக்கவில்லை. இப்போது 2009 மே. சண்டை முடிந்துவிட்டதென்று றோட்டில் யாரோ வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் வேலப்போடியின் உடம்பு தூக்கிப் போட்டது.

டொக்டர் நஸ்ஹா ஓடி வந்தாள். காத்தான்குடிக்காரி. சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்கான கிளினிக் அவள் பொறுப்பு. பேய்க்குப் பயப்படுகிற பேர்வழி இல்லை. அவளுக்கு இருந்த பயம் வேறு. அன்று காலைதான் சத்திரசிகிச்சை நிபுணர் வேலப்போடியின் இடது குதிக்காலில் ஆறாமல் கிடந்த புண்ணைப் பார்த்துவிட்டுப் பத்து நாள் கெடு வைத்துவிட்டுப் போயிருந்தார். அதற்குள் புதுச் சதை வராவிட்டால் முழங்காலுக்குக் கீழே வெட்டு!

நஸ்ஹாவின் வாப்பாவுக்கும் இப்படித்தான் ஒரு கால் போனது. கால் போன வருடமே ஆளும் போனார். அதனால் இந்தக் காலை அவள் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கட்டிலோரம் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள்.

“எலும்பு மஜ்ஜைக்குள்ள ஸ்டெம் செல் எண்டு ஒரு கூட்டம் இரிக்கு போடியார். ரத்தக் குழாய் பழுதானா அதுகள்தான் வந்து திருத்துற. ஒங்கட வயல் வட்டையில வாய்க்கால் கட்டு உடைஞ்சா மண்வெட்டியோட ஓடுற ஆக்கள் மாதிரி. சீனி கூடினா அந்த ஆக்கள் படுத்த பாயில கிடப்பாங்க. கொலஸ்ட்ரோல் கூடினா வாய்க்காலே தூர்ந்து போகும். பிறகு புண் எப்பிடி மாறும்?”

“அப்ப என்ட காலைப் பிடிக்கிறது ஆரு?”

“சீனி நரம்பையும் கெடுக்கும். ஆரோ இறுக்கிப் பிடிக்கிற மாதிரித்தான் இரிக்கும்.”

வேலப்போடி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“நரம்பு ‘அண்ணே’ எண்டு கூப்பிடுமா டொக்டர்?”

நஸ்ஹா குனிந்து புண்ணின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள்.

அது செவ்வாய்க்கிழமை. புதன், வியாழன், வெள்ளி என்று ஆஸ்பத்திரிச் சாப்பாடும் ஊசியும் வேலை செய்தன. சீனி நூற்று முப்பதுக்கு இறங்கியது. புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. நஸ்ஹாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை, வார்ட் தாதி மிஸ்ஸிமார் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

சனிக்கிழமை காலை சீனி முந்நூற்று எண்பத்தெட்டு!

எப்படி?

அவருடைய கிளினிக் கொப்பியை எடுத்து எட்டு மாதத்தையும் புரட்டினாள். நடுக் கிழமையில் பார்த்த நாட்களில் சீனி ஒரு மாதிரிச் சமாளித்திருந்தது. சனிக்கிழமைகளில் பார்த்ததெல்லாம் வானத்தில். ஒரு சனி தப்பவில்லை. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை ஏதோ நடக்கிறது...

கட்டிலுக்குக் கீழே குனிந்தாள். வாழையிலை விரித்த ஒரு தூக்குச்சட்டி. நெய் மணம். ஒரு பருக்கை மிச்சமில்லை.

வேலப்போடி முதலில் மழுப்பினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். உடல் கிடைக்காத தம்பி பசியோடு அலைகிறானாம். வாக்குச் சொல்லுகிற ஒருவர், வெள்ளிக்கு வெள்ளி படையல் வை, அவனுக்குப் பிடித்ததை வை என்றாராம். நெய் மிதக்கும் பாற்சோறு, பொரித்த ஆட்டீரல், எருமைத் தயிரும் வெல்லப் பாணியும். படைத்ததை மூத்த ஆண் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட வேண்டும். மிச்சம் வைத்தால் செத்தவன் பட்டினி. அவர்கள் வீட்டு வழக்கம் அது.

நஸ்ஹா கணக்குப் போட்டுப் பார்த்தாள். பயத்தில் படைக்கிறார். படைத்ததை உண்கிறார். உண்டதில் சீனி ஏறுகிறது. சீனி ஏற ஏற நரம்பு இறுக்குகிறது. இறுக்க இறுக்க இன்னும் பெரிய படையல்! பேய்க்குத் தீனி போட்டு வளர்த்த மனிதரை அவள் அன்றுதான் பார்த்தாள்.

“சமைக்கிறது ஆரு?”

“றஞ்சிதா. தம்பிட பெஞ்சாதி. பாவம், அவ இல்லாட்டி நான் எப்பயோ செத்திருப்பன்.”

றஞ்சிதா!

அவளை நஸ்ஹாவுக்கு நன்றாகத் தெரியும். அண்ணனும் தம்பியும் கட்டியது அக்காவையும் தங்கையையும். அக்காவையும் அன்று கடல் கொண்டுபோனது. அன்றிலிருந்து அத்தானுக்கு ஆக்கிப்போடுவது தங்கை. நோயாளிகளின் வீட்டாருக்கு நஸ்ஹா நடத்தும் வகுப்பில் முன்வரிசை அவளுக்குத்தான். எதைச் சாப்பிட்டால் எது கெடும் என்று கொப்பியில் எழுதிக்கொண்ட ஒரே ஆளும் அவள்தான். அவள் வந்த வகுப்பு நடந்து எட்டு மாதம் இருக்கும்...

எட்டு மாதம்!

ஞாயிறு காலை நஸ்ஹா பனிச்சங்கேணிக்கு பஸ் ஏறினாள்.

றஞ்சிதா வாவிக்கரையில் வலைக்கு ஈயமணி கோத்துக்கொண்டிருந்தாள். டொக்டரைக் கண்டதும் எழுந்து கதிரை போட்டாள். தேத்தண்ணி கொண்டுவந்தாள், சீனி போடாமல்.

“அக்கா, என்ட வகுப்பு ஒங்களுக்கு விளங்கல்லயா?”

“நல்லா விளங்கின டொக்டர்.” றஞ்சிதா வலையைக் கீழே வைத்தாள். “விளங்கினதாலதான்.”

நஸ்ஹா கோப்பையைக் கீழே வைத்தாள்.

றஞ்சிதா குரலை உயர்த்தவில்லை. கடல் வந்த அன்று அவள் தண்ணீர்த் தாங்கி ஏணியில் தொங்கிக்கொண்டிருந்தாளாம். கொஞ்சத் தூரத்தில் ஒரு பனையைக் கட்டிப்பிடித்தபடி அத்தான். வெள்ளத்தில் அடிபட்டு வந்த கேதீசனுக்குக் கையில் அகப்பட்டது அத்தானின் இடக்கால்.

“‘அண்ணே’ எண்டு கூப்பிட்டவர். எனக்குக் கேட்டது. அத்தான் குனிஞ்சி பாத்தார். பாத்துப் போட்டுத்தான் மற்றக் காலால உதைச்சவர். ரெண்டு தரம்.”

“பொலிசில சொல்லியிருக்கலாமே?”

“எந்தப் பொலிஸ்? அப்ப இஞ்ச இயக்கத்தின்ட ஆட்சி. பிறகு ஷெல்லடி. பிறகு அகதி முகாம். ஊரே செத்துக் கிடக்கக்குள்ள ஒரு உதையை ஆரு விசாரிக்கிற?” அவள் வாவியைப் பார்த்தாள். “நான் நஞ்சு வைக்கல்ல டொக்டர். மாத்திரையும் ஒளிக்கல்ல. அவர் கேட்டத ஆக்கிக் குடுத்த. அள்ளித் திண்டது அவர்ட கைதான்.”

நஸ்ஹா அழுதுவிட்டாள். கேதீசனுக்காகவா, போடியாரின் காலுக்காகவா, அந்த ஆயுதத்தைத் தீட்டிக் கொடுத்த தன் வாய்க்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

திரும்பி வந்ததும் பொலிஸ் சார்ஜன் அப்துல் கபூருக்கு போன் போட்டாள். அவளுக்கு மாமா முறை. முழுவதையும் கேட்டுவிட்டு அவர் நீளமாக மூச்சு விட்டார்.

“பாற்சோறு ஆக்கினதுக்குச் சட்டத்தில கேஸ் இல்ல மகள். கடலுக்குள்ள உதைச்சதுக்குச் சடலம் இல்ல. நான் ஆரைப் பிடிக்கிற?”

வேலப்போடியிடமும் சொல்லிப் பார்த்தாள், அந்தப் பெண் கையால் இனி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாமென்று. காரணத்தையும் சொன்னாள். அவர் சிரித்தார். கடலில் தன் கால் வழுக்கியதே தவிர யாரையும் உதைக்கவில்லை என்றார். றஞ்சிதா தனக்குத் தாய் மாதிரி என்றார்.

வார்டுக்குள் வெளிச்சோறு வராமல் நஸ்ஹா தடுத்ததில் படையல் நின்றது. ஊசி ஏறியது. ஆனால் எட்டு மாத வெள்ளிகள் செய்த வேலையை ஆறு நாளில் திருப்ப முடியவில்லை. குழாய்கள் அடைந்து கிடந்தன. அந்த இளஞ்சிவப்புக் கோடு கறுத்தது. பத்தாம் நாள் இடக்கால் போனது.

அடுத்த மாதம் வீட்டுக்கு அனுப்பும் நாளில் கூட்டிப்போக ஒரே ஒருத்திதான் வந்தாள். அவருக்கு உலகத்தில் வேறு யாரும் இல்லை. நஸ்ஹா அவளை வராந்தாவுக்கு இழுத்துப்போய்க் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

“இனி விட்டுருங்க அக்கா. கேதீசன் பிடிச்ச கால் போயிட்டுதானே?”

“ஓம் டொக்டர், பிடிச்ச கால்தான் போனது.” றஞ்சிதா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். “உதைச்ச கால் இன்னும் இரிக்கு.”

சொல்லிவிட்டு வார்டுக்குள் நடந்தாள். சில்லு நாற்காலியில் இருந்த வேலப்போடியின் முகத்தில் ஐந்து வருடமாக இல்லாத தெளிவு. றஞ்சிதாவைக் கண்டதும் கையை நீட்டினார்.

“தம்பி போயிட்டான் புள்ள! கூப்பிடுறானும் இல்ல, பிடிக்கிறானும் இல்ல. இனித்தான் நான் பயமில்லாம வயிறாரத் தின்னலாம்.”