எல்லோருக்கும் போன பதில்

கை தவறி அனுப்பிவிட்டதாகப் பிற்பாடு எஃப்ராயின் சொல்லிப் பார்த்தான். பொய். ரசித்து, தானே சிரித்து, திருத்தி எழுதி, குழு மொத்தத்துக்கும் அனுப்பிய பதில் அது.

கீத்தோ நகர மாணவர்களின் மலையேறும் குழுவுக்கு மின்னஞ்சல்தான் உயிர்நாடி. அதை மேற்பார்வையிடும் ரொசீயோ, விதிகளை எழுதி அனுப்பியிருந்தாள். தலைப்பில் மலையின் பெயர் வேண்டும். ஒருவருக்குச் சொல்வதை அவருக்கு மட்டும் எழுத வேண்டும். பயண மடலின் கீழே கேலி கூடாது.

புதிதாகச் சேர்ந்த எஃப்ராயின் சும்மா இருப்பானா? “தும்மல் வந்தால் எந்தத் தலைப்பில் அனுப்புவது, மேடம்?”

குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. தும்மலுக்குத் தும்மலாக மடல்கள் குவிந்தன...

சனிக்கிழமை காலை. மலையேறக் குழு கூடுவதாக இருந்த மச்சாச்சி சாலைப் பிரிவில், கொட்டும் மழையில், அவன் மட்டும் நின்றான். பால் வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியவளின் கம்பளித் தொப்பியில் முத்து முத்தாய் நீர். அதன் கீழே இரண்டு கண்கள்... மழை ஓய்ந்த ஏரி போல, ஆழமாய்.

“எஃப்ராயின் நீங்கதானே?”

“ஆமா... நீங்க?”

“தும்மல் நின்னுடுச்சா?”

ரொசீயோ! மடல்களில் மட்டுமே அவன் அறிந்தவள்.

“மேல மண்சரிவு. பயணம் ரத்துன்னு நேத்தே எழுதினேன். அது உங்க தும்மலுக்கு அடியில போயிடுச்சு. மத்தவங்களுக்குப் போன் பண்ணிட்டேன். உங்க நம்பர் என்கிட்ட இல்ல.”

நாக்கு நுனிக்கு வந்த ஜோக், அவள் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போனது.

“ரெண்டு வருஷம் முன்னாடி என் அண்ணனும் இங்கதான் நின்னான். ‘வராதே’ன்னு வந்த மெயில் கேலிக்கு நடுவுல காணாமப் போச்சு. யாரும் வரலையேன்னு தனியா ஏறினான்... திரும்பி வரல.”



“ரெண்டு பேரும் ஏறுங்கம்மா, பால் கெட்டுடும்!” என்றார் வண்டிக்காரர்.

வழியில் அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: “திங்கட்கிழமையோட இந்தப் பொறுப்பை விட்டுடறேன். போலீஸ்காரின்னு சிரிக்கிறாங்க. போதும்.”

அவள் விலகிவிட்டால்... அடுத்த எச்சரிக்கையை யார் எழுதுவார்? இந்தக் கண்களைத்தான் இனி எங்கே பார்ப்பது?

வீட்டில் மன்னிப்பு எழுத உட்கார்ந்தான். முதல் வரியே நகைச்சுவையாக வந்தது. அழித்தான். கோமாளி என்ற பெயரைக் கழற்றி வைக்க இவ்வளவு கூச்சமா! கடைசியில் குழு முழுமைக்கும் எழுதினான்:

“என் கேலியில் ஓர் எச்சரிக்கை புதைந்தது. ரொசீயோ மழையில் தேடி வந்ததால்தான் நான் மலை ஏறவில்லை. தவறு என்னுடையது. அவர் விலகக் கூடாது. இதன் கீழே யாரும் பதில் எழுத வேண்டாம்.”

ஒருவரும் எழுதவில்லை. அந்தக் குழு அப்படி அமைதியாக இருந்ததே இல்லை.

திங்கட்கிழமை கேன்டீனில், சோளத்தோலில் வெந்த சோளக் கொழுக்கட்டையான உமித்தாவை அவன் பிரிக்காமலே வைத்திருந்தபோது, ரொசீயோ எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“விலகிட்டீங்களா?”

“இல்ல.”

“என்னை மன்னிச்சாச்சா?”

“உமித்தா ஆறுது... சாப்பிடுங்க.”

“இது பதிலா?” அவன் அதைத் தொடவில்லை. “ரொசீயோ, எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. சத்தியமா விளையாட்டு இல்ல. உங்களுக்கு...?”

அவள் உமித்தாவின் தோலைப் பிரித்து அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு கண்ணை எடுக்காமல் அவனைப் பார்த்தாள்.

“பிடிச்சிருக்கு. நீயும் மலை ஏறுறவன்கிறதால பயமாவும் இருக்கு. ரெண்டும் நிஜம், எஃப்ராயின்.”