இரண்டு இழுப்பு

பட்டென்று ஒரு சத்தம். மதிலில் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டு உடைந்து சாந்துச் சட்டியில் விழுந்தது.

அவள் கையிலிருந்த பூசுகரணை அப்படியே நின்றது. விரிசல் வளர்கிறதா என்று பார்க்கத்தான் அதன் குறுக்கே கண்ணாடி ஒட்டுவார்கள். காலையில் ஒட்டியது மாலைக்குள் உடைந்தால், உள்ளே எங்கோ சுவர் நகர்கிறது என்று அர்த்தம். பழைய நகரத்தைச் சுற்றி நிற்கும் அந்த மதிலை நான்கு வருடமாகப் பழுது பார்க்கும் கொத்தனாருக்கும் அவர் மனைவியான அவளுக்கும் அது பாடம்.

"உள்ள ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடறேன்" என்று இடுப்பில் கயிற்றைக் கட்டினார் கொத்தனார். மதிலின் வயிற்றுக்குள் அந்தக் காலத்துக் காவலர்கள் நடந்த ஒடுக்கமான வழி இருந்தது. இரண்டு கல்லைப் பெயர்த்த ஓட்டைதான் அதற்கு வாசல்.

"தொப்பை மாட்டிக்கிச்சுன்னா மதிலைத்தான் இடிக்கணும். ஆபீசருக்கு நான் பதில் சொல்ல மாட்டேங்க."

"நீ ஆக்கிப் போட்டு வளர்த்த தொப்பை. நீதான் சொல்லணும்."

சிரித்தபடி, கல்லில் வயிறு உரச, உள்ளே நுழைந்தார்.

உள்ளிருந்து கயிறு ஒரு முறை வெட்டி இழுபட்டால் நலம். இரண்டு முறை வெட்டினால் இழு. பிடித்தவர் கையை விடவே கூடாது. ஆனால் சாந்து இறுகிக்கொண்டிருந்தது. கயிற்றைத் தரையில் அடித்திருந்த முளையில் சுற்றிவிட்டுத் தண்ணீர் மொள்ள நாலு எட்டு நடந்தாள். அவ்வளவுதான்.

திரும்பினால், அவர் வெளியே நின்றிருந்தார்.

"ஒண்ணுமில்ல. அடைச்சிடு."

"இடுப்புல கட்டின கயிறு எங்கங்க?"

"சிக்கிடுச்சு. அவிழ்த்துட்டேன். அடை."

அவள் கல்லைத் தூக்கி வைத்தாள். ஈரச் சுண்ணாம்பின் காரத்துக்கு அடியிலிருந்து வெயிலே படாத மண்ணின் வாடை மெல்ல மெல்ல எழுந்து மூக்கில் அப்பிக்கொள்ள, மதில்மேல் எந்நேரமும் முனகும் புறாக்கள் ஒன்றுவிடாமல் வாயடைத்துப் போயிருக்க, முதுகுக்குப் பின்னால் நின்றவரிடமிருந்து ஒரு இருமல், ஒரு பெருமூச்சு, ஒரு காலடி கூடக் கேட்கவில்லை. இரண்டாவது கல்லையும் வைத்துப் பூசினாள். ஓரமாகத் திரும்பிப் பார்த்தாள். அவர் சட்டையில், வயிறு உரசிய இடத்தில், பொட்டுத் தூசி இல்லை.

கல்லிடுக்கில் நீட்டிக்கொண்டிருந்த கயிறு வெட்டியது.

காற்றாக இருக்கும்.

காற்று இல்லை.

மறுபடி. ஒன்று. இரண்டு.

அவள் பாய்ந்து இழுத்தாள். கனத்தது. ஆள் கனம். உள்ளே, வெகு ஆழத்தில், யாரோ கல்லைப் பிராண்டினார்கள். அவள் பெயர் கேட்டது. அவர் குரலில்.

கரணையால் சாந்தைக் குத்தினாள். பொறி தெறித்தது. ஐந்து நிமிடத்துக்கு முன் பூசிய சாந்து. நூறு மழை பார்த்த பாறையாகக் கிடந்தது. நகத்தால் கீறினாள். நகம் பிய்ந்தது. கயிறு வெட்டியது. இரண்டு. இரண்டு. இரண்டு.

உலர்ந்த கை ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"மெனக்கெடாதே. மதிலுக்குள்ள ஒரு ஆள் இருந்தாகணும். இத்தனை காலமா நான் இருந்தேன்."