மணல்திட்டில் உப்பிடாத சோறு

சித்திரைப் பௌர்ணமியன்று மாலை, மேற்கே கருங்குன்றத்தின் தோளில் ஞாயிறு சாய்ந்துகொண்டிருக்க, கிழக்கே புன்னைத் தோப்புகளுக்கு மேல் நிலவு எழுந்தபோது, மானாற்றின் நீர் ஒரு பாதி செம்பாகவும் மறு பாதி வெள்ளியாகவும் ஒளிர்ந்தது. அந்த இரு நிறங்களும் கூடும் நடு ஆற்றில் ஒரு மணல்திட்டு உண்டு. வாசகர்களே, மலைநாடான கருங்குன்றமும் கடல்நாடான புன்னைத்துறையும் அறுபது ஆண்டுகளாகப் பகைவர் முன் ஒன்றாக நின்றதற்கு அந்தத் திட்டுதான் சாட்சி. ஒருவர் கோட்டை உச்சியில் தீ எரிந்தால் மற்றவர் படை புறப்பட வேண்டும் என்பது அங்கே செய்த உடன்பாடு. அதைப் புதுப்பிக்கப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைநாட்டுத் தூதன் ஆயுதமும் படையுமின்றி, கடல்நாட்டார் செலுத்தும் ஓடத்தில் வருவான். மலையின் தினை அங்கே பொங்கும். கடல்நாட்டு அரசி தன் கையால் அதில் உப்பிடுவாள். ஆனால் உப்பு விழுமுன் இரு தரப்பாரும் குறை சொல்லியாக வேண்டும். எதிராளியின் குறையை அன்று; தன் குறையை. குறையை மறைத்து உண்ட உப்பு, உண்டவன் குலத்தை அறுக்கும் என்று முன்னோர் சொல்லி வைத்திருந்தனர்.

அன்று ஓடத்தில் வந்த தூதன் கண்டன் பூதி, மலைநாட்டு எல்லைக்காவல் தலைவன். போரில் முதுகு காட்டாதவன் என்று பெயர் பெற்றவன். கடந்த நான்கு மாதங்களாக அந்தப் பெயரை யாரேனும் சொன்னால் அவன் பேச்சை மாற்றிவிடுவான்.

கழி ஊன்றி ஓடம் செலுத்தியவள் முக்காடிட்ட ஒரு பெண்.

"கையை உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. எங்கள் ஆற்று முதலைகளோடு உங்களுக்கு உடன்பாடு ஏதும் கிடையாது."

பூதி சிரித்துவிட்டான். "உங்கள் துறையில் ஆண்கள் ஓடம் விடுவதில்லையா, அம்மா?"

"விடுவார்கள். மார்கழிக்குப் பிறகு ஆண்கள்தாம் கொஞ்சம் குறைச்சல்."

அவன் சிரிப்பு அடங்கியது. மார்கழியில்தான் வடவர் புன்னைத்துறைக் கோட்டையை வளைத்தனர். மூன்று இரவுகள் கோட்டை உச்சியில் தீ எரிந்தது. மலையிலிருந்து ஒருவரும் வரவில்லை. வடவர் உள்ளே இருந்தவர்களைக் கொன்று, கொள்ளையிட்டுத் திரும்பினர். மலையைப் பனி மூடியிருந்ததால் தீ தெரியவில்லை என்று கருங்குன்ற மன்னர் ஓலை அனுப்பினார்.

"இந்த உறவு நீடிக்க வேண்டுமென்று உங்கள் மக்கள் நினைக்கிறார்களா?" என்று பூதி கேட்டான்.

"அறுபது ஆண்டில் உங்கள் மலையில் நான்கு முறை தீ எரிந்தது, ஐயா. நான்கு முறையும் எங்கள் ஆட்கள் மலையேறினார்கள். என் மாமனாரும் ஏறினார், இறங்கவில்லை. எங்கள் தீ எரிந்தது ஒரே முறை. இனி நினைப்பதற்கு என்ன இருக்கிறது? உங்கள் ஊரில் என்ன பேச்சு?"

"மெலிந்த நண்பன் சுமை என்கிறார் எங்கள் அமைச்சர். வடவரோடு இணங்கிப் போனால் குதிரை கிடைக்கும், இவர்களிடம் கிடைப்பது உப்புத்தானே என்கிறார்."

"நீங்கள்?"

"நான் அந்த உப்பைத் தின்று வளர்ந்தவன்."

அவள் கழியை ஊன்றினாள். "அந்தத் தீயைக் காத்தவர் என் கணவர். முதல் இரவு பனந்துண்டுகளை எரித்தார்கள். இரண்டாம் இரவு கதவுகளை. மூன்றாம் இரவு, நான் மணமாகி வந்த ஓடத்தையே உடைத்துப் போட்டார்களாம். அந்த மூன்று இரவும் மலையில் பனிதானா, ஐயா?"

பூதியின் கண்முன் அந்த மூன்றாம் இரவு வந்தது. முந்நூறு வீரர்கள் செருப்பு வார் கட்டி அவன் பின்னால் நின்றார்கள். 'நீ எதையும் காணவில்லை' என்ற அரச கட்டளை அவன் கையில் இருந்தது. தொலைவில் தீ திடீரென்று உயர்ந்து, பொன்னைப் போல் பளீரென்று எரிந்தது. அது என்ன மரம் என்று அப்போது வியந்தான். குங்கிலியம் காய்ச்சிப் பூசிய ஓடப் பலகை அப்படித்தான் எரியும் என்பது இப்போது புரிந்தது.

"பனிதான், அம்மா," என்றான்.

கழி ஒருமுறை தரை தட்டாமல் நழுவியது.

திட்டில் தினை பொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பழைய தூதரின் துணையாளாகப் பூதி இதே மணலில் நின்றிருக்கிறான். அன்று திரைக்குப் பின்னாலிருந்து புதுமணப்பெண்ணின் மஞ்சள் கை ஒன்று நீண்டு உப்பிட்டது. முகம் காணாத அந்தக் கையை, உரிமை இல்லையென்று தெரிந்தும், எத்தனையோ காவல் இரவுகளில் அவன் நினைத்ததுண்டு. இன்று திரை இல்லை. ஆசனமும் காலியாக இருந்தது.

ஓடக்காரி இறங்கினாள், காலைக் கழுவினாள், முக்காட்டை விலக்கி அந்த ஆசனத்தில் அமர்ந்தாள். அமைச்சர்கள் கைகூப்பினர்.

புன்னைத்துறை அரசி ஆழிநங்கையின் முகத்தைப் பார்த்தே பொய் சொல்லியிருக்கிறோம் என்று பூதிக்கு உறைத்தது.

"தூதனிடம் கேட்டால் தூதன் பேச்சுத்தான் கிடைக்கும். ஓடத்தில் ஒரு மனிதன் பேசுவான் என்று நினைத்தேன்," என்றாள் அவள். கழி பிடித்துக் கொப்புளித்திருந்த அந்தக் கை, ஒரு பிடி உப்பை அள்ளிப் பானைக்கு மேல் நின்றது. "வடவர் மறுபடி வருவார்கள். எனக்கு உங்கள் படை வேண்டும். ஆகவே நீங்கள் எதைச் சொன்னாலும் உப்பிடுவேன். உங்கள் தரப்புக் குறையைச் சொல்லுங்கள், தூதரே."

மன்னர் சொல்லி அனுப்பிய வாக்கியம் பூதியின் நாவில் ஆயத்தமாக இருந்தது. அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு பார்க்க முடியாமல் மணலைப் பார்த்தான்.

"பனி இல்லை, தேவி. நல்ல நிலவு. மூன்று இரவும் தீயைக் கண்டேன். போகாதே என்றார் மன்னர், போகவில்லை நான். உங்கள் ஓடம் எரிந்ததையும் பார்த்துக்கொண்டு நின்றேன்."

அரசியின் கை மெல்லத் திரும்பி, உப்பை உப்புக்கலத்திலேயே திரும்பக் கொட்டியது.

"என் குறையையும் கேளுங்கள். முதல் இரவே கோட்டையை விட்டு ஆற்று வழியாக வெளியேறலாமா என்று, வெளியே துறையிலிருந்த எனக்கு என் கணவர் ஓலை விடுத்தார். மலையார் வருவார்கள், நில்லுங்கள் என்று எழுதியவள் நான்." அவள் குரல் உயரவில்லை. "எதைச் சொன்னாலும் உப்பிடுவேன் என்றேன்; ஆனால் தீயைக் கண்டும் வராத படையை நம்பி உப்பிட முடியவில்லை. நம் முன்னோர் கட்டியது இன்றோடு முடிந்தது. பொய்யின் மேல் உப்பிட்டிருந்தால் அது இன்னொரு கோட்டையைத் தின்றிருக்கும்."

அவளே ஓர் இலையில் தினைச்சோற்றை இட்டு அவன் முன் வைத்தாள். "உண்ணுங்கள். பசித்து வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை."

பூதி முதல் கவளத்தை எடுத்தான். "உங்கள் கோட்டை உச்சியில் தீ காக்கும் வேலையை எனக்குத் தாருங்கள், தேவி. அந்தத் தீயைக் கண்டு மலைநாட்டுப் படை வந்து நிற்கும் நாள்வரை என் சோற்றில் உப்புப் படாது. இது ஆணை."

"அந்த நாள் வராமலே போகலாம்."

"போகலாம்."

உண்டு முடித்து அவன் ஓடத்தருகே வந்தபோது, ஆழிநங்கை கழியை அவனிடம் நீட்டினாள். "இம்முறை நீங்கள் ஊன்றுங்கள். எந்தக் கரைக்கு என்று நான் சொல்லப்போவதில்லை."

மேற்கே செம்பு நிறம் முற்றும் அணைந்திருந்தது. அவள் முகத்தை நிமிர்ந்து பாராமலே பூதி கழியை வாங்கி, ஓடத்தைக் கிழக்கே திருப்பினான்.